இரண்டு ரம்பங்கள்

காட்டுப்பாக்கத்தில் காடு என்பது பெயரோடு சரி. நான் இங்கே குடிவந்தபோது எங்கள் தெருவில் மிஞ்சியிருந்த ஏழெட்டு மரங்களில் மூத்தது முனையில் நின்ற தூங்குமூஞ்சி. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் அதை வேரோடு சாய்த்துவிட்டது. மறுநாள் அதை அறுக்க வந்தவருக்கு ஐம்பத்தைந்து வயதிருக்கலாம். மொபெட்டின் முன்பக்கத்தில் சாக்கில் சுற்றி ஒரு மிஷின் ரம்பத்தைக் கொண்டுவந்திருந்தார். அதன் உடம்பில் பெயிண்ட் என்று எதுவும் இல்லை. என்ன கம்பெனி என்பதும் தெரியவில்லை. நான்காவது இழுப்பில் நீலப்புகை கக்கிக்கொண்டு உறுமியது.

"புதுசெல்லாம் பிளாஸ்டிக் சார். இது என்னைத் தூக்கிப் போட்டப்புறமும் ஓடும்" என்றார்.

அன்று அதை நான் அப்படியே நம்பினேன். பழைய பொருள் உழைக்கும், புதியது உழைக்காது என்பது நம்மில் பெரும்பாலோர் யோசிக்காமலேயே ஒப்புக்கொள்ளும் விஷயம். கிரைண்டரில் தொடங்கி கதவின் தாழ்ப்பாள்வரைக்கும் அதற்குச் சாட்சி சொல்ல வீட்டுக்கு ஒரு பெரியவர் இருப்பார். அவருடைய ரம்பமும் சாட்சி சொல்லும்படியாகத்தான் இருந்தது. கார்பரேட்டரில் இரண்டு திருகுகள். காதால் கேட்டே அவற்றைத் திருப்பிச் சரிசெய்துகொள்வார். பிஸ்டனும் ரிங்கும் எத்தனை முறை மாற்றினார் என்பது அவருக்கே நினைவில்லை. பூந்தமல்லிப் பக்கத்து ஸ்கூட்டர் மெக்கானிக்கே அதைப் பிரித்துப் பூட்டிவிடுவாராம். மூன்று நாட்கள் அறுத்தார். தேநீர்க் குவளையை மட்டும் இரண்டு கைகளாலும் ஏந்தி வாங்கினார். மரியாதை என்று நினைத்துக்கொண்டேன்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் கடந்துபோனபின், பின்வீட்டு மதிலின்மேல் சாய்ந்த புளியமரத்துக்காக அவரைத் திரும்ப அழைத்தேன். மகனோடு வந்தார். மகனிடம் புதிய ரம்பம், கடன் வாங்கி எடுத்தது. தகப்பனுக்கு அதில் உடன்பாடில்லை என்பது பார்த்தவுடனேயே தெரிந்தது. இயந்திரங்கள்மீது எனக்குச் சிறுவயது முதலே ஒரு கிறுக்கு உண்டு. ஒரே அடிமரத்தை அடுத்தடுத்து இருவரும் அறுக்கட்டும் என்று கேட்டுக்கொண்டு கைக்கடிகாரத்தைக் கழற்றி வைத்துக்கொண்டேன்.

முதல் வெட்டில் மகன் எளிதாக முந்தினான். பெரியவர் ஒன்றும் பேசவில்லை. உட்கார்ந்து அரத்தை எடுத்துச் செயினின் ஒவ்வொரு பல்லையும் தீட்டினார். அடுத்த வெட்டில் இடைவெளி நான்கைந்து நொடிகளாகச் சுருங்கிவிட்டது.

இதில் வியக்க ஒன்றுமில்லை என்பது பிறகு புரிந்தது. மரத்தை அறுப்பது எஞ்சின் அல்ல, பல். அந்தப் பல்லின் வடிவமோ முக்கால் நூற்றாண்டாக அடிப்படையில் மாறவேயில்லை. 1946-ல் அமெரிக்காவின் ஓரிகன் காட்டில் ஜோசப் காக்ஸ் என்ற மரவெட்டி, ஒரு மரக்கட்டையைக் குடைந்துகொண்டிருந்த வண்டுப்புழுவைக் கண்டார். அதன் இரு தாடைகளும் இடமும் வலமுமாக மரத்தைச் சுரண்டிச் சென்றனவாம். அதைப் பார்த்து அவர் அமைத்த செயினின் வழிவந்ததுதான் இன்று இரண்டு ரம்பங்களிலும் ஓடுவது. மழுங்கிய செயினோடு புதிய ரம்பத்தை வாங்கி ஓட்டுபவன் பணத்தை வீணடிக்கிறான்.

சரி, எஞ்சினில் வித்தியாசம் இல்லையா? நிறைய இருக்கிறது. ஆசிய நாடுகளில் நெடுங்காலம் விற்ற ஸ்டில் 070-ஐ எடுத்துக்கொள்வோம். 106 சிசி, பார் இல்லாமலே பத்து கிலோவைத் தாண்டும், சக்தி 5 கிலோவாட்டுக்குச் சற்றுக் குறைவு. அதே நிறுவனம் 2019-ல் கொண்டுவந்த எம்எஸ் 500ஐ ரம்பமோ 79 சிசியில், 6.2 கிலோ எடையில், 5 கிலோவாட் தருகிறது. கார்பரேட்டரே கிடையாது, எரிபொருளை மின்னணுக் கட்டுப்பாட்டில் செலுத்துகிறார்கள். ஹுஸ்க்வர்னாவில் 372-க்குப் பின்வந்த 572-ல் சிசி ஏறக்குறைய அதேதான், சக்தி 3.9-லிருந்து 4.3 ஆகிவிட்டது, எடை மட்டும் கொஞ்சம் கூடியிருக்கிறது. பழைய இரண்டு-ஸ்ட்ரோக் எஞ்சின்களில் கால்பங்குக்கும் குறையாத பெட்ரோல் எரியாமலே புகைக்குழாய் வழியே போய்விடும். புதியவற்றில் அந்த இழப்பு பெருமளவு குறைந்துவிட்டது. பழையதன் பக்கம் சொல்ல ஒரு நியாயம் உண்டு: பருத்த புளியடியில் நீண்ட பாரை அழுத்தினாலும் அது திணறாது. குறைந்த சுற்றில் மாடுபோல இழுத்துக்கொண்டு போகும்.

உழைப்பு விஷயத்தில்தான் என் நம்பிக்கை தடுமாறியது. இன்று இந்தியாவில் பங்குகளில் கிடைக்கும் பெட்ரோலில் இருபது சதவீதம் எத்தனால். அது ஈரத்தை இழுத்துக்கொள்ளும். பழைய ரப்பர் குழாய்களையும் கார்பரேட்டரின் மெல்லிய சவ்வையும் கெடுக்கும். கையால் திருகிச் சரிசெய்யும் கார்பரேட்டருக்குப் பத்து சதவீதத்துக்குமேல் கூடாது என்கிறது ஸ்டில் கையேடு. தானே கலவையைச் சரிசெய்துகொள்ளும் மின்னணுக் கார்பரேட்டருக்கு 27 சதவீதம்வரை சம்மதம். அதாவது, என்றைக்கும் ஓடும் என்று நாம் நினைத்த இயந்திரத்துக்குத்தான் இன்றைய பெட்ரோல் ஒத்துக்கொள்ளவில்லை. மறுபக்கத்தில், புதியதன் மின்னணுப் பாகம் கெட்டால் ஸ்கூட்டர் மெக்கானிக்கால் ஒன்றும் செய்ய முடியாது, டீலரிடம்தான் போகவேண்டும். மகனின் கவலையெல்லாம் அதுதான்.

மதியம் சட்டையை மாட்டிக்கொண்ட பெரியவர் பொத்தானோடு நெடுநேரம் போராடினார். மகன் போய்ப் போட்டுவிட்டான்.

"விரல் மரத்துப் போச்சு சார். பத்து வருஷமாச்சு" என்றார்.

குவளையை இரு கைகளால் வாங்கியதன் காரணம் ஏழு ஆண்டுகள் கழித்து எனக்கு விளங்கியது.

அக்காலத்து ரம்பங்கள் பலவற்றில் கைப்பிடியை எஞ்சின் உடம்போடு நேராக முடுக்கியிருப்பார்கள். நடுவில் ரப்பரோ ஸ்பிரிங்கோ கிடையாது. எஞ்சினின் அதிர்வு முழுவதும் விரல்களின் இரத்தக்குழாய்களிலும் நரம்புகளிலும் இறங்கும். பின்லாந்தில் சுவோமுஸ்சால்மி என்ற ஊரின் மரவெட்டிகளை மருத்துவர்கள் தொடர்ந்து கவனித்து வந்தார்கள். 1972-ல் நூற்றுக்கு நாற்பது பேருக்கு விரல் வெளுக்கும் நோய் இருந்தது. அதிர்வு குறைந்த ரம்பங்கள் வந்தபின் 1990-ல் அது ஐந்தாகக் குறைந்துவிட்டது. வெளுப்பதற்குக் குளிர் வேண்டும். நம் ஊர் வெயிலில் விரல் வெளுப்பது அரிது, மரத்துத்தான் போகும். அதனால் இது ஒரு தொழில்நோய் என்று எவருக்கும் தோன்றுவதில்லை. இவரும் சர்க்கரை வியாதி என்றே மாத்திரை தின்றிருக்கிறார். இரத்தப் பரிசோதனையில் சர்க்கரை இல்லை என்று வந்தபின்னும் யாரும் ரம்பத்தைப் பற்றிக் கேட்கவில்லையாம்.

எந்த ரம்பம் அதிக நாள் உழைக்கும் என்று கடிகாரத்தை வைத்துக்கொண்டு யோசித்தவன், அதைப் பிடித்திருக்கும் கை எத்தனை நாள் உழைக்கும் என்று ஒருமுறைகூடக் கேட்டுக்கொள்ளவில்லை. செயின் பிரேக்கைப் பற்றியும் அப்போதுதான் கேட்டேன். பழையதில் அது கிடையாது. பாரின் நுனி கட்டையில் பட்டு முகத்தை நோக்கி எகிறினால், புதியதில் நொடிக்கும் குறைந்த நேரத்தில் செயின் நின்றுவிடும். பெரியவர் வலக்கன்னத்தைத் தடவிக்கொண்டார். அங்கே ஒரு தழும்பு இருந்தது.

"இவனை இதைத் தொட விடமாட்டேன் சார்" என்றார் பழைய ரம்பத்தைக் காட்டி.

விற்றுவிடலாமே என்றேன். பதில் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டு வாசலில் வைத்துப் பத்து நிமிடம் ஓடவிடுவாராம், எஞ்சின் இறுகிவிடக் கூடாதென்று. கயிற்றை இழுக்க இப்போது அவருக்குப் பிடி நிற்பதில்லை. மகன்தான் இழுத்துக் கொடுக்கிறான்.