பெயர் சொல்லி அழைத்தல்

1990 இல் போரினால் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் நின்றபோது, சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, மிதியைக் கையாற் சுழற்றி, டைனமோவின் உதவியுடன் வானொலி கேட்டவர்கள் நாம். கை ஓய்ந்தாற் பாட்டும் ஓயும்.

ஆதலால், எம்மிடம் பயின்ற மாணவனொருவன் திருமணங்களுக்கு இசை வழங்கும் டிஜே தொழிலை மேற்கொண்டபோது, அவனது தந்தையாரைப்போல் நாம் சினக்கவில்லை. ஆயினும், பொறியியலை விட்டானே என உள்ளூர வருந்தினோம், மறைப்பானேன்?

கடனுக்கே ஒலிபெருக்கிகளும் மிக்சரும் வாங்கியிருந்தான். மில்லிக்கனில் நிகழ்ந்த வரவேற்பு விழாவொன்றில், குத்துவிளக்கேற்ற மணமகளின் பாட்டனாரை அழைத்தான். பெயரைச் சிதைத்து ஒலித்தமையால், அழைப்புத் தமக்கென அறியாது முதியவர் அமர்ந்தேயிருந்தார். மறுவாரம் எம்மிடம் வந்து, "சேர், பெயர்களை வாசிக்கப் பழக்குங்கோ" என்றான்.

இப்பொழுது சனிதோறும் காலையில், ஏழு வயதுச் சிறார்களுடன் பின்வரிசையில் அமர்ந்து ழகரம் பயில்கின்றான். மாலையில் மண்டபம். ஒலிபெருக்கிகளைத் தூக்கி ஏற்றத் தந்தையாரும் உடன் செல்கின்றார்.