பணிவோடு கேட்ட கேள்விகள்

தொலைக்காட்சிப் பெட்டி நம் இல்லங்களில் இடம்பிடித்து நெடுங்காலமாகிறது. அரசியல் விவாதம் என்னும் பெயரால் மாலைதோறும் அதிலிருந்து எழும் கூச்சலும் நமக்குப் பழகிவிட்டது. ஒருவர் பேசத் தொடங்குமுன் மற்றவர் மறிப்பதையும், கேள்வி கேட்பவரே தீர்ப்பும் எழுதிவிடுவதையும் காணும்போது, இது உண்மையைத் தேடும் தொழில்தானா என்ற ஐயம் நமக்கு எழுவதுண்டு. அண்மையில் நமக்கு அறிமுகமான பெற்றோர் இருவர், தங்கள் மகள் செய்தித்துறையில் சேர விரும்புவதாகக் கூறி, மனச்சாட்சியைக் காத்துக்கொண்டு அத்துறையில் வாழ இயலுமா என்று நம்மிடம் வினவினர். இத்தகைய வினாவுக்கு அறநெறிச் சொற்களால் விடை கூறுவதைவிட, ஒரு மனிதரின் வாழ்வைச் சொல்வதே மேல் என்று நமக்குத் தோன்றியது.

அவர் அமெரிக்க நாட்டின் டிம் ரசர்ட். 1950-ஆம் ஆண்டு மே 7-ஆம் நாள், நியூயார்க் மாநிலத்தின் பஃபலோ நகரில், ஐரிஷ் மரபில் வந்த கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தார். தந்தையார் இரண்டாம் உலகப் போரில் பணியாற்றியவர். போருக்குப்பின் பகலில் நகரத் துப்புரவுப் பணியாளராகவும், அவ்வேலை முடிந்ததும் செய்தித்தாள் வண்டியின் ஓட்டுநராகவும் உழைத்துப் பிள்ளைகளை வளர்த்தார். மகனும் கல்லூரிச் செலவுக்காகக் கோடை விடுமுறைகளில் குப்பை வண்டியின் பின்னால் நின்று வேலை செய்தார். பிற்காலத்தில் நாடே அறிந்த மனிதரான பின்னரும் அவர் இதை மறைக்கவில்லை. தந்தையைப் பற்றி அவர் 2004-இல் எழுதிய நூல் இலட்சக்கணக்கானோரின் உள்ளத்தைத் தொட்டது.

அவருடைய எழுத்துப் பணிக்கு வித்திட்டவர் ஒரு கன்னியர். பள்ளியில் துடுக்குத்தனம் மிகுந்திருந்த அச்சிறுவனின் ஆற்றலை நல்வழியில் திருப்ப எண்ணிய சகோதரி லூசில், மாணவர் பத்திரிகை ஒன்றைத் தொடங்கி, அவனையே ஆசிரியராக அமர்த்தினார். 1963 நவம்பரில் ஜனாதிபதி கென்னடி சுட்டுக் கொல்லப்பட்டபோது, அச்சிறுவர்கள் சிறப்பிதழ் ஒன்றை வெளியிட்டுப் புதிய ஜனாதிபதிக்கும் கென்னடி குடும்பத்தாருக்கும் அனுப்பிவைத்தனர். அவர்களிடமிருந்து பதில்களும் வந்தன. தண்டித்து அடக்கியிருக்கக்கூடிய ஒரு பிள்ளைக்குப் பொறுப்பைக் கொடுத்துத் திருத்திய அந்த ஆசிரியையை நாம் எண்ணி எண்ணி வியக்கிறோம்.

பின்னர் இயேசு சபையாரின் கனிசியஸ் உயர்நிலைப் பள்ளியிலும் ஜான் கரோல் பல்கலைக்கழகத்திலும் பயின்று, 1976-இல் சட்டப் பட்டம் பெற்றார். செனட்டர் மொய்னிஹானிடமும் நியூயார்க் ஆளுநர் மாரியோ குவோமோவிடமும் பணிபுரிந்தார். இருவரும் ஜனநாயகக் கட்சியினர். 1984-இல் என்.பி.சி. தொலைக்காட்சி நிறுவனத்தில் சேர்ந்தபோது செய்தியாளர் அனுபவம் அவருக்கு இல்லை. ஆயினும் மறு ஆண்டே அந்நிறுவனத்தின் காலை நிகழ்ச்சியை உரோமை நகரிலிருந்து ஒளிபரப்ப ஏற்பாடு செய்து, திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பரை அமெரிக்க மக்கள் தங்கள் இல்லங்களிலிருந்தே நேரடியாகக் காணச் செய்தார்.

1991 டிசம்பரில் 'மீட் தி பிரஸ்' என்னும் ஞாயிறு காலை நிகழ்ச்சியின் நெறியாளர் பொறுப்பு அவரிடம் வந்தது. 1947-இல் தொலைக்காட்சியில் தொடங்கிய மிகப் பழைய நிகழ்ச்சி அது. அதைத் தோற்றுவித்தவர்களுள் ஒருவரான லாரன்ஸ் ஸ்பிவாக், விருந்தினரின் கருத்துகளை முற்றிலும் கற்றறிந்து, அவற்றுக்கு எதிர்ப்பக்கம் நின்று, விடாமலும் பண்போடும் கேட்கவேண்டும் என்று ரசர்ட்டுக்கு அறிவுரை கூறினார். அதையே அவர் தம் வழியாகக் கொண்டார். தலைவர்கள் முன்னர்ச் சொன்ன சொற்களைத் தேடியெடுத்துத் திரையில் காட்டுவார். அன்று இப்படிச் சொன்னீர்கள், இன்று இப்படிச் சொல்கிறீர்கள், மாற்றம் ஏன் என்று அமைதியாக வினவுவார். உரத்த குரலுக்கு அங்கே தேவையிருக்கவில்லை. ஒரு கட்சியினரிடம் பணிபுரிந்தவர் என்பதை அறிந்திருந்தும் இரு கட்சித் தலைவர்களும் அவர் முன் வந்தமர்ந்தனர். கேட்கும் உரிமை, படித்துத் தயாரித்த உழைப்பிலிருந்து வருவது என்பதை நாம் இங்கே காண்கிறோம்.

2000-ஆம் ஆண்டுத் தேர்தல் இரவில் தொலைக்காட்சி நிறுவனங்கள் ஃபுளோரிடா மாநில முடிவை முதலில் ஒருவருக்கும் பின்னர் மற்றவருக்குமாக அறிவித்து, இரண்டையும் திரும்பப் பெற்றுத் தடுமாறின. அந்த இரவில் ரசர்ட், பள்ளிப் பிள்ளைகள் வைத்திருப்பது போன்ற ஒரு சிறு வெள்ளைப் பலகையில் கூட்டிக் கழித்துக் காட்டி, அம்மாநிலத்தின் பெயரை மூன்று முறை எழுதி, முடிவு அங்கேதான் இருக்கிறது என்றார். இறுதியில் அம்மாநிலத்தில் வேறுபாடு வெறும் 537 வாக்குகள். கோடிக்கணக்கில் செலவிட்ட கருவிகளைவிட அந்தப் பலகையே மக்களுக்கு நிலைமையைத் தெளிவாக உணர்த்தியது.

ஆனால் புகழ் மட்டும் பாடினால் அவருக்கும் நாம் நீதி செய்தவர்களாகமாட்டோம். 2002 செப்டம்பர் 8-ஆம் நாள் துணை ஜனாதிபதி டிக் செனி அவர் நிகழ்ச்சியில் தோன்றி, ஈராக் அணு ஆயுதம் செய்ய முயல்வதாகக் கூறி, அதற்குச் சான்றாக அன்றைய நியூயார்க் டைம்ஸ் நாளிதழில் வெளிவந்த செய்தியைக் குறிப்பிட்டார். 2003 மார்ச்சில் போர் மூண்டது. சொல்லப்பட்ட பேரழிவு ஆயுதக் கிடங்குகள் கிடைக்கவில்லை. 2007-இல் செனியின் முன்னாள் உதவியாளர் லிபி மீது நடந்த வழக்கில், துணை ஜனாதிபதி சொல்ல விரும்பும் செய்தியைத் தம் கட்டுப்பாட்டில் வைத்துக்கொள்ள அந்நிகழ்ச்சி ஏற்றது என்று அவருடைய அலுவலர் ஒருவரே சாட்சி கூறினார். அரசின் கூற்றில் ஐயம் கொண்டிருந்தோர் தம்மைத் தொலைபேசியில் அழைத்திருக்கலாமே என்று ரசர்ட் பின்னர் ஆதங்கப்பட்டார். அழைப்புக்குக் காத்திராமல் தேடிச் செல்வதல்லவா செய்தியாளர் கடமை என்று கேட்டவர்களின் கேள்வியிலும் நியாயம் உண்டு.

பொய்ச்சாட்சியை விலக்கும் எட்டாம் கட்டளையை, நாம் பொய் சொல்லாதிருந்தால் நிறைவேறிவிட்டதாக எண்ணுகிறோம். பிறர் சொல்லும் பொய் நம் வாசல் வழியே நுழைந்து ஊருக்குள் போகாதபடி காப்பதும் அக்கட்டளையின் பாரமே. செய்தியாளரின் வாசல் பெரிது. ஆகவே அவருடைய பாரமும் பெரிது. நல்ல மனிதர், பண்புள்ளவர், பக்தியுள்ளவர் என்பவை மட்டும் அந்தப் பாரத்தைச் சுமக்கப் போதா. தம்மோடு அமர்ந்து இனிமையாகப் பேசும் அதிகாரத்தை ஐயுறும் துணிவும் வேண்டும். ரசர்ட்டின் வாழ்வு இரண்டையும் நமக்குக் கற்பிக்கிறது: அவர் வென்ற இடத்தால் ஒன்று, குறைபட்ட இடத்தால் மற்றொன்று.

அவருடைய இல்வாழ்வையும் நாம் மறத்தலாகாது. 1985-இல் பிறந்த மகன் லூக் நலமாகப் பிறந்தால் ஞாயிறு திருப்பலியை ஒருபோதும் தவறவிடுவதில்லை என்று கடவுளுக்கு வாக்களித்ததாக அவர் பலமுறை கூறியிருக்கிறார். ஞாயிறு காலையே தம் தொழிலின் உச்சவேளையாக இருந்த ஒருவர் அளித்த வாக்கு இது! விடுமுறை நாளிலும் பூசைக்கு நேரமில்லை என்று சொல்லும் நம்மில் சிலர் இதைச் சற்றே சிந்திக்கலாம்.

2008 ஜூன் 13-ஆம் நாள், வெள்ளிக்கிழமை, வாஷிங்டன் அலுவலகத்தில் ஞாயிறு நிகழ்ச்சிக்காகக் குரல் பதிவு செய்துகொண்டிருந்தபோது மாரடைப்பால் மயங்கி வீழ்ந்து, 58-ஆம் வயதில் இறையடி சேர்ந்தார். மகனின் பட்டமளிப்பைக் கொண்டாட இத்தாலிக்குக் குடும்பத்தோடு சென்று திரும்பியிருந்த நேரம் அது. அமெரிக்காவில் தந்தையர் நாள் கொண்டாடப்பட இரண்டே நாட்கள் இருந்தன. தந்தையின் பெருமையை நாட்டுக்கு எடுத்துச் சொன்ன மகனை, உயிரோடிருந்த அந்த முதிய தந்தை இழந்தார். ஜார்ஜ்டவுன் மூவொரு கடவுள் ஆலயத்தில் நடந்த அடக்கத் திருப்பலியில், அவ்வாண்டு ஜனாதிபதி பதவிக்குப் போட்டியிட்ட ஒபாமாவும் மெக்கெய்னும், குடும்பத்தாரின் விருப்பப்படி, அருகருகே அமர்ந்திருந்தனர்.

நம் பிள்ளைகளுள் ஒருவர் இத்துறையை விரும்பினால் தடுக்கவேண்டாம். ஆனால் மூன்றைக் கொடுத்தனுப்புவோம்: கேட்பதற்குமுன் படிக்கும் பழக்கம், கேட்கும்போது பணிவு, வரும் விடையை நம்புமுன் சோதிக்கும் துணிவு. பெற்றோராகிய நாமும், தொலைக்காட்சியில் தலைவர் ஒருவர் பேசி முடித்ததும், இவர் சொன்னதற்கு ஆதாரம் என்ன என்று பிள்ளைகளைக் கேட்டுப் பழகுவோம். சாப்பாட்டு வேளையில் எழும் அந்தச் சிறு கேள்வியில்தான் நாளைய நேர்மையான செய்தியாளரும், நேர்மையான வாக்காளரும் உருவாகிறார்கள்.