விசிறி நின்ற பிறகு

பதினொன்றரை மணி இருக்கும். வங்கியின் மூலை மேசைக்காரர் எழுந்து, தலைக்கு மேல் சுற்றிக்கொண்டிருந்த மின்விசிறியை நிறுத்தினார். டோக்கனோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஏழு பேருக்கும் வியர்க்க ஆரம்பித்தது. ஒருவரும் முணுமுணுக்கவில்லை. காற்றடித்தால் தராசில் கடைசி இலக்கம் நிற்காது என்பது அடகு வைத்துப் பழகியவர்களுக்குத் தெரியும்.

நகை மதிப்பீட்டாளர் என்று பலகை. கூப்பிடுவதெல்லாம் அப்ரைசர். ஜன்னலை ஒட்டி மேசையைப் போட்டிருக்கிறார். டியூப்லைட்டை நம்புவதில்லை போலும். உரைகல்லில் விழுந்த மஞ்சளை வெயில் பக்கம் சாய்த்துத்தான் பார்க்கிறார்.

முதலில் ஒரு பெரியவர், ஆரத்தோடு. அப்ரைசர் ஆளைப் பார்க்கவில்லை, கொக்கியைப் பார்த்தார். பிறகு பதக்கத்தைத் திருப்பி, கற்களை ஒவ்வொன்றாக எண்ணினார். கல்லுக்கு இவ்வளவு, உள்ளே இருக்கும் அரக்குக்கு இவ்வளவு, கயிற்றுக்கு இவ்வளவு என்று கழித்து, மொத்த எடைக்குப் பக்கத்துக் கட்டத்தில் நிகர எடையை எழுதினார். இரண்டாவது எண்ணைப் பார்த்ததும் பெரியவர் முகம் சுருங்கிவிட்டது.

“வாங்கும்போது கல்லையும் தங்க விலையிலதானே போட்டான்…”

அப்ரைசர் பதில் சொல்லவில்லை. அது அவர் கட்டம் இல்லை.

அடுத்தது ஒரு ஜோடி வளையல். 916 முத்திரை பளிச்சென்று தெரிகிறது. ஆயிரத்தில் 916 பங்கு தங்கம், 22 காரட். இருந்தும் கறுப்பு உரைகல்லை எடுத்தார். வளையலின் உள்பக்கத்தில், கண்ணுக்குப் படாத இடமாகப் பார்த்து ஓர் இழுப்பு. பற்றவைத்த இடத்தில் இன்னொன்று. பக்கத்திலேயே மாற்று தெரிந்த தங்கத்தால் ஒரு கோடு. மூன்றின் மேலும் ஒவ்வொரு சொட்டு அமிலம். பித்தளையாயிருந்தால் கோடு கரைந்து போயிருக்கும். முதல் கோடும் மூன்றாவதும் அப்படியே நின்றன. பற்றவைத்த இடத்துக் கோடு மட்டும் கொஞ்சம் மங்கியது. பொடி வைத்த இடம், அப்படித்தான் இருக்கும். பத்தரை மாற்று என்று நாம் மனிதர்களுக்கு வாரி வழங்கும் பட்டத்தை இவர் வளையலுக்குக்கூட லேசில் கொடுக்கமாட்டார்.

பல வங்கிகளில் இவர்களுக்கு மாதச் சம்பளம் கிடையாது. கடனுக்கு இவ்வளவு என்று கமிஷன்தான். சீக்கிரம் பார்த்தால் நாலு பேர் கூடுதல். போலி என்று பின்னால் தெரிந்தாலோ முதலில் இவரைத்தான் கூப்பிடுவார்கள். பெஞ்சு நிரம்பியிருந்தும் கை வேகம் பிடிக்கவில்லை.

தராசின் கண்ணாடிக் கதவைச் சாத்தினார். 15.990. பழைய நோட்டைப் புரட்டி விரலை ஓட்டினார்.

“ரெண்டு வருஷம் முன்னாடி இதையே வச்சிருக்கீங்கம்மா. அப்போ 16.040.”

வளையலைக் கொண்டுவந்த பெண் பதறினாள். “நான் ஒண்ணும் பண்ணலையே சார்.”

“தேஞ்சிருக்கு. போட்டுக்கிட்டே பாத்திரம் தேய்ப்பீங்களா?”

அவள் தன் வெறுங்கைகளைப் பார்த்தாள். “கழட்டி எங்க சார் வைக்கிறது? வாடகை வீடு.”

அவர் முதல்முறையாக நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு 15.990 என்று எழுதி, கையெழுத்துப் போடும் இடத்தைக் காட்டிவிட்டு, விசிறியைப் போட எழுந்தார்.