உள்ளி லேகியம் கிண்டும்போது

உரும்பிராயில் ஒரு வீட்டில் பிள்ளைப்பேறு என்றால் சரக்கு இடிக்கிற வாசம் மதிலைத் தாண்டி வந்துவிடும். பத்தியக்கறிச் சரக்கு இடிக்க இன்னும் பலருக்குத் தெரியும். உள்ளி லேகியம் கிண்டத் தெரிந்தவர்கள்தான் குறைந்துகொண்டு வருகிறார்கள். எனக்கு இது மாமியிடமிருந்து வந்த வேலை.

கால் கிலோ உள்ளியை உரித்துப் பசுப்பாலில் அவித்து, பால் வற்றியதும் அம்மியில் மையாக அரைப்பேன். வேர்க்கொம்பு, மிளகு, திப்பிலி, ஓமம், நற்சீரகம் எல்லாவற்றையும் தனித்தனியே வறுத்து இடித்து வெள்ளைச்சீலையில் சலிப்பேன். அரிதட்டு போதாது. வேர்க்கொம்பு நார் ஒன்று நாக்கில் தட்டினாலே பிள்ளைப்பெற்றவளுக்கு லேகியம் வெறுத்துவிடும்.

ஆனால் எல்லாம் பாகில்தான் இருக்கிறது. உள்ளியின் எடைக்குப் பனங்கட்டி எடுத்து, நீரில் கரைத்து வடித்துத் தாச்சியில் ஏற்றினால் முதலில் நுரை பெரிதாகப் பொங்கும். பிறகு குமிழ் சிறுக்கும். அகப்பையில் இருந்து விழுகிற துளி நீளும். அந்த நேரம் சிரட்டைத் தண்ணீரில் ஒரு துளி விடுவேன். கரைந்து பரவினால் இன்னும் நீர் இருக்கிறது. அடியில் முத்துப்போல உருண்டு நின்றால் தீயைத் தணித்துவிட வேண்டும். சீனாவில் குளிர்காலத்துக்கென்று மூலிகைக் கஷாயத்தை வற்றக் காய்ச்சி லேகியம் செய்கிறவர்களும் இப்படித்தான் தண்ணீரில் துளி விட்டுப் பார்க்கிறார்களாம். படித்தபோது பெரிய சந்தோசமாக இருந்தது.

பாகில் உள்ளி விழுதைச் சேர்த்து, தூளைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவி, நெய் விட்டுக் கிண்ட வேண்டும். தாச்சியில் ஒட்டாமல் திரண்டு, விரலால் அமர்த்தினால் ரேகை பதிய வேண்டும். லேகியம் ஆறிய பிறகுதான் தேன் சேர்க்க வேண்டும். நீர் மிஞ்சினால் சில நாளிலேயே பூஞ்சணம் பிடிக்கும். பாகு முற்றினால் போத்தலிலேயே கல்லாகிவிடும்.

ஏழாலை ஐ. பொன்னையபிள்ளை 1930களில் பாகம் பாகமாக அச்சேற்றிய பரராசசேகரம் போன்ற மருந்து நூல்கள் நம்மிடம் உண்டு. இத்தகைய நூல்களில் சரக்கும் எடையும் கிடைக்கும். ‘பதத்தில் இறக்கு’ என்பதோடு பாட்டு முடிந்துவிடும். அந்தப் பதத்தை அடுப்படியில் நின்றுதான் பழக வேண்டும்.

சலரோகம் உள்ள தாய்மார் வைத்தியரைக் கேட்காமல் இந்த லேகியத்தைத் தொட வேண்டாம். ஒரு வயது ஆகாத குழந்தையின் நாக்கில் தேன் சேர்ந்த லேகியத்தைத் தடவவும் வேண்டாம். அடுத்த முறை உங்கள் வீட்டில் தாச்சி ஏறும்போது, மகளையோ மகனையோ பக்கத்தில் நிறுத்தி அகப்பையைக் கொடுங்கள்.