செம்பனைக்கு நடுவே ஒரு தீவு

கடல் சூழ்ந்தால்தான் தீவா? கோலா குபு பாரு பக்கம் தோட்டத்துக்குள்ள போய்ப் பாருங்க. நாலு பக்கமும் செம்பனை. தேர்தல் வந்தால்தான் லயத்து வாசலில் கார் நிற்கும்.

2024 மே 11 சட்டமன்ற இடைத்தேர்தலில் நால்வர் நின்றார்கள். ஒருவர்கூட இந்தியர் இல்லை. ஜ.செ.க. 3,869 வாக்குப் பெரும்பான்மையில் வென்றது. சுமார் 40,000 வாக்காளர்களில் 18 விழுக்காடு நாம். அந்த வித்தியாசத்தைவிட நம் கணக்கு பெரியது.

"நம்ம ஆளு இல்லையே" என்று பெரியவர்கள் அங்கலாய்த்தார்கள். எனக்குப் பாதிதான் உடன்பாடு. 1990 முதல் 2008 வரை உலு சிலாங்கூர் நாடாளுமன்ற உறுப்பினர் ம.இ.கா. பழனிவேல். 198 வாக்கில் தோற்றார். 2010 இடைத்தேர்தலில் கமலநாதன் மீட்டார். ரெண்டு பேருமே நம்ம ஆளுதான். மேரி, நைஜல் கார்ட்னர், புக்கிட் தாகார், சுங்கை திங்கி, மின்யாக் ஆகிய ஐந்து தோட்டத்து 245 குடும்பங்களின் வீட்டுப் பிரச்சினை அப்போதும் தீரவில்லை. இந்த இடைத்தேர்தல் சமயத்தில்தான் மறுபடி சூடுபிடித்தது. லயம் கம்பெனிக்குச் சொந்தம், வேலை முடிந்தால் வீடும் முடிந்தது.

யார் நம்ம ஆளு என்று நாங்கள் வாதாடிக்கொண்டிருந்தபோது, தோட்டத்து அக்கா ஒருவர் குறுக்கே கேட்டார்:

"அதெல்லாம் இருக்கட்டும் தம்பி, சாவி எப்ப தருவாங்களாம்?"