நடக்கச் சொன்னார் டாக்டர். நடக்க விடுமா ரோடு?

"சர்க்கரை கொஞ்சம் ஏறியிருக்கு. தினமும் அரை மணி நேரம் நடங்கம்மா" என்றார் டாக்டர். பலமாகத் தலையை ஆட்டினேன். வெளியே வந்து என்ன செய்தேன் தெரியுமா? மகனுடைய வண்டியில் பின்னால் ஏறி உட்கார்ந்து வீடு வந்து சேர்ந்தேன்!

எங்கள் ஊர் மண்ணாடிப்பட்டு. புதுச்சேரி மாநிலம்தான், ஆனால் கொஞ்சம் தள்ளிப் போனால் விழுப்புரம் மாவட்டம் வந்துவிடும். நெல்லும் கரும்பும் விளைகிற பூமி. கடைகண்ணிக்குத் திருக்கனூர். பெரிய வேலை என்றால் பஸ் பிடித்துப் புதுவை போக வேண்டும்.

டாக்டர் பேச்சைத் தட்டாமல் மூன்று நாள் நடந்தேன். ரோட்டோர மண்ணில் இறங்கினால் கருவேல முள். தார் மேல் ஏறினால் கரும்பு டிராக்டர் புடவையை உரசிக்கொண்டு போகிறது. வெயிலுக்கு ஒதுங்க மரம் இல்லை. சாயங்காலம் போகலாமென்றால் விளக்கில்லாத இடத்தைத் தனியாகத் தாண்ட மனசு துணியவில்லை. நாலாம் நாள் செருப்பை மூலையில் போட்டுவிட்டேன்.

"எல்லாம் சோம்பேறித்தனம்" என்றார் வீட்டுக்காரர். எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

பிறகு நாத்தனாருக்கு ஆபரேஷன் என்று புதுவையில் இருபது நாள் தங்கினேன். பெரிய மார்க்கெட்டுக்குப் பக்கத்தில் வீடு. அங்கே தெருக்களெல்லாம் கோடு போட்ட மாதிரி நேராக இருக்கும். 1693 முதல் 1699 வரை ஊரைப் பிடித்து வைத்திருந்த டச்சுக்காரர்கள் போட்ட திட்டம். பின்னால் பிரெஞ்சுக்காரர்கள் அதையே ஒட்டி வளர்த்தார்கள். நாலு வீடு தாண்டினால் ஒரு முனை, எந்தப் பக்கமும் திரும்பலாம். பழைய தமிழ் வீடுகளில் தெருவைப் பார்த்துத் தாழ்வாரமும் திண்ணையும் இருப்பதால் நிழலும் உண்டு, ஆள் நடமாட்டமும் உண்டு. கடற்கரைச் சாலையிலோ மாலை 6 மணியிலிருந்து காலை 7.30 வரை வண்டிகளையே விடுவதில்லை.

காய் வாங்க, மணக்குள விநாயகரைக் கும்பிட, பாரதி பூங்காவில் உட்கார, ராத்திரி கடல் காற்று வாங்க, எல்லாவற்றுக்கும் நடைதான். நடக்கிறோம் என்ற நினைப்பே இல்லை! மாத்திரையும் மாறவில்லை, சாப்பாடும் மாறவில்லை. ஊர் திரும்பிப் பரிசோதித்தால் சர்க்கரை இறங்கியிருந்தது.

நாத்தனார் மகளைப் பாருங்கள். பிறந்த வீட்டில் எங்கே போனாலும் நடந்தே போன பெண். கல்யாணமாகி இப்போது 100 அடி ரோடு பக்கம் இருக்கிறாள். எதிர்சாரியில் பால் வாங்கக்கூட ஸ்கூட்டிதான். "நடந்து தாண்டறதுக்குள்ள உயிரே போயிடுது அத்தை" என்கிறாள். அதே கால்கள்தான், ரோடு வேறு. அப்போதுதான் எனக்குப் புரிந்தது, குறை முழுக்க என்னிடம் இல்லை என்று.

ஆனால் சர்க்கரை அதற்காகக் காத்திருக்குமா? வாரத்துக்கு 150 நிமிஷமாவது சற்று வேகமாக நடக்கும்படி உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. ஒரே மூச்சில் வேண்டாம், பிரித்தும் நடக்கலாம். ஆகவே நாங்கள் நாலு பெண்கள் சேர்ந்துகொண்டோம். பெரிய ரோட்டை விட்டுவிட்டுக் கோயில் தெருவையே விடியற்காலையில் பத்துச் சுற்று. கையில் டார்ச் லைட். காலில் கட்டாயம் செருப்பு. சர்க்கரை உள்ளவர்களுக்குக் காலில் முள் குத்தினாலும் உறைக்காமல் போகலாம், புண்ணும் சீக்கிரம் ஆறாமல் போகலாம். வெறுங்காலோடு நடக்காதீர்கள், சகோதரிகளே!

தெரு விளக்கு கேட்டு மனுவும் எழுதிக் கொடுத்திருக்கிறோம். இதையெல்லாம் பார்த்த என் மாமியார், வாசலுக்கு எதிரே ரோட்டோரமாக இரண்டு புங்கங்கன்று நட்டு, ஆடு கடிக்காமல் முள்வேலியும் கட்டிவிட்டார்.

"இது நிழல் கொடுக்கறப்ப நான் இருப்பேனோ என்னவோ, நீ நடப்பே இல்ல?" என்றார்.

தினமும் காலையில் நடந்துவிட்டு வந்ததும், ஆளுக்கொரு குடம் தண்ணீர் அதற்கு ஊற்றுகிறோம்.