தீப்பந்தம் தந்த பாடம்

சென்ற கோடை விடுமுறையில் ஒரு நாள், மஃரிப் தொழுகை முடிந்து வீடு திரும்பியதும், "அத்தா, சத்துவாச்சாரியில் தீப்பந்தம் சுற்றுகிறார்களாம், போகலாமா?" என்று கேட்டாள் என் இளைய மகள். சென்ற ஆண்டு சிலம்பம் கற்க ஆசைப்பட்டவள் அவள். "பெண் பிள்ளைக்கு எதற்கு?" என்று நான்தான் மறுத்திருந்தேன். அவள் முகம் மீண்டும் வாட வேண்டாமென்று புறப்பட்டேன்.

சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையின் இரைச்சலைக் கடந்து, ஒரு வெட்டவெளியில் மக்கள் வட்டமாக நின்றிருந்தனர். ஆசான் முதலில் காற்று வீசும் திசையைப் பார்த்தார். கம்பின் இரு முனைகளிலும் பருத்தித் துணியைச் சுற்றிக் கம்பியால் இறுக்கி, மண்ணெண்ணெயில் தோய்த்துப் பிழிந்தார். கொளுத்துவதற்கு முன் வேகமாகச் சுழற்றி, எஞ்சிய எண்ணெயையும் உதறினார். மணல் வாளியும் ஈரச் சாக்கும் அருகிலேயே இருந்தன.

விளக்குகள் அணைந்தன. கம்பு சுழலச் சுழல, இருளில் இரண்டு நெருப்பு வளையங்கள் எழுந்தன. தீ இருப்பது முனைகளில். பிடித்த கை இருப்பதோ நடுவில். அந்த இடைவெளி குறையாதவாறு கம்பை ஆள்வதே வித்தை.

உலகின் பல இடங்களிலும் இத்தகைய கலைகள் உண்டு. கண்டி எசல பெரஹராவில் தீப்பந்தம் சுழற்றுவோர் ஊர்வலத்தின் முன் செல்வர். சமோவா தீவினரின் கத்தி நடனத்தில் தீ சேர்ந்தது 1946இல்தான். அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரில் நெருப்பு விழுங்கும் ஓர் இந்தியக் கலைஞரைக் கண்ட பிறகே, லெதுலி என்ற சமோவா கலைஞர் தம் கத்தியின் முனையில் தீ மூட்டினாராம்.

திடீரென ஒரு பொறி தெறித்து, ஆடிய இளைஞனின் காலருகே விழுந்தது. ஆசான் கை உயர்த்தினார், கம்பு நின்றது, ஈரச் சாக்கு பொறியை மூடியது. துணிச் சுற்றைச் சரிபார்த்த பின்னரே ஆட்டம் தொடர்ந்தது.

இறுதியில், பருத்தி முக்காட்டை இறுக்கிக் கட்டிய ஒரு சிறுமி வந்தாள். அவள் கம்பில் தீ இல்லை. காரணம் கேட்டேன். "கை இன்னும் பக்குவப்படவில்லை, ஆனால் வெகு தூரம் வந்துவிட்டாள்" என்றார் ஆசான்.

இருபதாண்டுகளாகப் பிள்ளைகளுக்கு ஓதிக் கொடுப்பவன் நான். தகுதி வரும்வரை தீயைத் தராமலிருப்பது கல்வி. கம்பையே தராமலிருப்பது அச்சம். நான் செய்தது இரண்டாவது.

பெருநாளன்று மஸ்ஜிதுந் நபவியில் அபிசீனியர் ஈட்டி விளையாடியபோது, அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் தாமே போதுமென்று விலகும் வரை, நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மறைவாக நின்று காணச் செய்தார்கள். பலமுறை பாடம் நடத்திய அந்த நிகழ்ச்சி, அன்றுதான் என் நெஞ்சில் இறங்கியது.

"போகலாமா?" என்றேன். "இன்னும் கொஞ்சம், அத்தா" என்றாள். நின்றேன். கூட்டம் கலைந்ததும் அவள் கையைப் பற்றிக்கொண்டு ஆசானிடம் சென்றேன், பயிற்சி எந்நேரம் என்று கேட்க.